ஞாயிறுகளில் என்ன நடக்கிறது

பீல் நகரில் எல்லாத் தெருவுக்கும்
இரண்டு பெயர்.
மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி.
மாசி மாதத்திலிருந்து நானும் அப்படித்தான்:
வலது பக்கம் பேசும்,
இடது பக்கம் கேட்டுக்கொண்டு கிடக்கும்.

கை விளங்கவில்லை என்பார்கள் எங்கள் பக்கத்தில்.
விளங்கவில்லை என்றால் புரியவில்லை என்றும்தான்.
யாருக்கு யார் விளங்கவில்லை,
எனக்குக் கையா, கைக்கு நானா
என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்தாறு வருடம்
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
கண்ணில் பூதக்கண்ணாடி, விரலில் சாவணம்.
எள்ளைவிடச் சின்னத் திருகாணிகளை
நொடி முள்ளின் கீழே குடியிருத்தினவள்.
இப்போது இரண்டு மணிக்கட்டிலும்
முள்ளில்லாத, முகமில்லாத இரண்டு.
நேரம் சொல்லாது. அசைவை எண்ணும்.
இடது கை ஒரு மணி நேரம் சும்மா இருந்தால்
தோலோடு உறுமும்,
தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு போல.

ஏமாற்றவும் பார்த்தேன்.
நாலாம் நம்பர் ட்ரொலிபஸ்ஸில்
சில்லுக்கு மேலே உள்ள சீட்டில் இருந்து
கையைத் தொங்கவிட்டால்
தெருவின் குலுக்கமெல்லாம் என் கணக்கில் விழும்.
ஒரு கிழமை நான் கெட்டிக்காரி.
பயிற்சி தருகிற செவெரின்
திரையைப் பார்த்துச் சிரித்தாள்:
"பஸ் நன்றாகத் தேறி வருகிறது."

கார்த்திகையில் அவள் சிரிக்கவில்லை.
ஆறு கிழமைக் கணக்கு.
வலது நீலம், இடது செம்மஞ்சள்.
செம்மஞ்சள் மெல்ல ஏறி ஏறி
ஏழாம் நாள்தோறும் விழுகிறது.
இருட்டில் ஒரு படி இல்லாத
படிக்கட்டு.

"ஞாயிறுகளில் என்ன நடக்கிறது?"
பிரெஞ்சில் கேட்டாள்,
இவரைப் பார்த்து.

மொழிபெயர்ப்பது எப்போதும் இவர்தான்.
சலவைப் பிரிவிலிருந்து
வேலை உடுப்போடு ஓடி வந்திருந்தார்,
சவர்க்கார மணத்தோடு.
ஐந்து நாள் அங்கே,
சனிக்கிழமை ஒரு வங்கியின் கண்ணாடிகள்,
ஞாயிறு எனக்கு.
பொத்தான் பூட்டி, சோறு குழைத்து,
சப்பாத்துக் கயிறு முடிந்து,
தோடம்பழம் உரித்து, நார் நீக்கி, விதை நீக்கி,
நான் எட்டப் போவதற்கெல்லாம்
முன்னே எட்டி.

கொஞ்ச நேரம் இவர் வாய் திறக்கவில்லை.
பிறகு என்னிடம்:
"ஞாயிறிலை உமக்குக் களைப்போ எண்டு கேக்கிறா."

இருபத்தாறு வருடம்
பேசாமல் இருந்து பிழைப்பதற்குத் தேவையான பிரெஞ்சு
எனக்கும் தெரியும்.
களைப்பில்லை என்றேன்.
அதை இவர் அவளுக்குச் சொல்லவில்லை.
பஸ்ஸிலும் ஒன்றும் கதைக்கவில்லை.
சில்லுக்கு மேலே உள்ள சீட்டு காலியாக இருந்தது,
இருவரும் நின்றோம்.

அடுத்த ஞாயிறு
தோடம்பழத்தை முழுசாக மேசையில் வைத்தார்.
தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே திணித்து
அதன் மேல் ஏறி இருந்தார்
சதாநந்தன்.
(எழுத்தில் பெயர் சொல்லலாம்.)

பழம் உருண்டது.
இடது கை அதை அணைக்கப் போய்த் தள்ளியது.
திரும்பவும் தள்ளியது.
பெருவிரல் தோலில் இறங்கினபோது
சாறு நேரே இவர் கண்ணில்.
எழும்பப் பார்த்தார்.
"இரும்" என்றேன்.
கண்ணைத் துடைக்கவும் கை எடுக்காமல்
ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்தார்.
வெளியே முதல் பனி. தேத்தண்ணி ஆறிவிட்டது.
இருபத்தைந்து நிமிடம், ஒரு பழத்துக்கு.
பாதி சுளை, பாதி கூழ்.
கூழை இவர் எடுத்துக்கொண்டார்.

எழும்பினபோது
இவருடைய கைகள் விறைத்துப் போயிருந்தன.
உதறினார்.
இன்னும் உதறினார்.
எண்ணுவதற்கு அங்கே
ஒன்றும் கட்டியிருக்கவில்லை.